சாயம் குடிக்காத கொக்கு

அந்த மேசையில் ஒரு கொக்கு நின்றது. யாரும் செதுக்கியதல்ல, யாரும் வரைந்ததுமல்ல. ஜன்னல் பக்கமாக இருந்த பலகையில், மரத்துக்குள்ளேயே, ஒரு காலை மடித்து மறுகாலில் நின்றபடி கழுத்தை நீட்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. நேரே பார்த்தால் அது வெளிறிய கீற்றுகளின் கூட்டம்தான். தலையைச் சற்றுச் சாய்த்து, வெளிச்சம் பலகையில் சரிவாக விழும் பக்கத்திலிருந்து பார்த்தால் கீற்றுகள் மினுங்கும்; கொக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் திரும்பினால் மங்கிவிடும். வெள்ளவத்தையில் என் மாமியின் வீட்டில், கணக்கு விளங்காமல் உட்கார்ந்திருந்த எத்தனையோ மாலைகளில் நான் அந்தக் கொக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமிக்கு அது தெரியும். "கொக்கு பறக்காது. நீர் கணக்கைச் செய்யும்" என்பார். அந்த மேசை இன்று பாமன்கடையில் ஒரு வீட்டில் இருக்கிறது. அது எங்களுடையது. அதை எங்களுடையது என்று மாமி சாகும்வரை அந்த வீட்டில் சொல்லவில்லை.

மாமி என் அப்பாவின் மூத்த சகோதரி. அப்பாவுக்குத் திருகோணமலையில் வேலை என்பதால், படிப்புக்காக என்னைக் கொழும்பில் மாமியிடம் விட்டிருந்தார்கள். அவர் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் படிப்பித்தார். எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் டீச்சர். சாமான் கடை முதலாளி கூட அவரைக் கண்டால் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் கதைப்பார். பிள்ளைகள் இல்லை. மாமா நான் வருவதற்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார். அவர் கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தையொட்டிய கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க்காக இருந்தவர். கம்பனியை மூடியபோது மற்றவர்கள் மின்விசிறி, இரும்பு அலுமாரி என்று கேட்டு வாங்க, இவர் மட்டும் பெரியதுரையின் அறையிலிருந்த ஓக் மேசையைக் கேட்டாராம். அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சாக்கால் போர்த்தி, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை வண்டியின் பக்கத்திலேயே நடந்து வந்தாராம். "கலியாணத்தண்டு தேவாலயத்துக்கு வரேக்கைகூட அந்த மனுசன் இவ்வளவு கவனமா நடந்து வரேல்லை" என்று மாமி சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிக்கமாட்டார். மாமாவின் உடுப்புகளை எல்லாம் மாதா கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். மேசையை மட்டும் வைத்துக்கொண்டார்.

ஓக் எங்கள் நாட்டு மரமல்ல. தேக்கும் பலாவும் மகோகனியும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஏதோ முடிக்காமல் விட்ட வேலை போல வெளிறிக் கிடக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள், "டீச்சர், இன்னும் பொலிஷ் அடிக்கேல்லையோ?" என்று கேட்பார்கள். மாமிக்குப் பொறுமை குறைவு. ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் உட்கார வைத்துப் பதில் சொல்வார். ஓக் மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி, சைக்கிள் சில்லின் கம்பிகள் மாதிரி, கதிர்கள் ஓடுகின்றன. எல்லா மரத்திலும் அவை உண்டு, ஓக்கில் அகலம் அதிகம். மரத்தை அந்தக் கதிர்களின் வழியிலேயே நடுவை நோக்கி அறுத்தால் கதிரின் முகம் பலகையில் விரிந்து, மினுங்கும் திட்டாகத் தெரியும். வேறு விதமாக அறுத்தால் அதே கதிர் சின்னச் சின்னக் கோடாகச் சுருங்கிப்போகும். எந்த இரண்டு பலகையிலும் ஒரே திட்டு வராது. இதெல்லாம் மாமா அவருக்குச் சொன்னது. சொல்லும்போது மாமியின் விரல் பலகையில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். மாமாவைப் பற்றி அவர் கதைத்தது அநேகமாக அந்த மேசையைப் பற்றிக் கதைத்தபோதுதான்.

இப்போது காலி வீதியில் புதிதாகத் திறந்திருக்கும் தளபாடக் கடைகளில் ஓக் மேசை என்று காட்டுகிறார்கள். தூளை அழுத்திச் செய்த பலகை. மேலே மரம் மாதிரி அச்சடித்த தாள். கையகலத் தூரத்துக்கு ஒருமுறை அதே திட்டு அப்படியே திரும்பி வருகிறது. விற்பனைப் பையன் அதைப் பெருமையாகத் தடவிக் காட்டியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவனைக் குற்றம் சொல்லி என்ன, அவன் கண்டது அவ்வளவுதான்.

கொழும்பில் கிறிஸ்மஸ் வருகிறதென்றால் வீட்டுத் தளபாடங்களுக்குப் பொலிஷ் அடிக்காமல் விடமாட்டார்கள். மார்கழி பிறந்ததும் கிராண்ட்பாஸிலிருந்து பொலிஷ் அடிக்கிற முஸ்லிம் நானா ஒருவர் எங்கள் வீட்டுக்கு வருவார். அலுமாரி, கதிரை, கட்டில் எல்லாவற்றையும் கறுத்தத் தேக்கு நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மேசையிடம் வந்து நிற்பார். ஒரு வருடம் அவரால் பொறுக்க முடியவில்லை.

"டீச்சர், இதுக்கும் கொஞ்சம் கலர் குடுப்பமே. பச்சப் புள்ள மாதிரி ஈக்கிது."

மாமி சம்மதிக்கவில்லை. நானா விடவுமில்லை. கடைசியில் மேசையின் அடிப்பக்கத்தில், யாருக்கும் தெரியாத மூலையில், உள்ளங்கையளவு இடத்தில் அடித்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. நாங்கள் மூவரும் தரையில் குந்தியிருந்து அண்ணாந்து பார்த்தோம். மரம் சாயத்தைக் குடித்துக் கறுத்தது. ஆனால் அந்தக் கீற்றுகள் மட்டும் கறுக்கவில்லை. சுற்றியிருந்த இடம் இருண்டதால் அவை முன்னைவிட வெள்ளையாக எழும்பி வந்தன.

"இந்த வெள்ளக் கோடு மட்டும் வாய மூடிட்டு ஈக்கிது டீச்சர். மத்த எடமெல்லாம் குடிக்கிது, இது குடிக்குதில்ல" என்று நானா துணியால் துடைத்து மறுபடி அடித்தார். இன்னும் வெள்ளையாக வந்தது. மாமி எழுந்துவிட்டார். அவருக்கு அது பிடிக்கவில்லை. வெளிச்சத்தைப் பொறுத்து வந்து போகிற பொருள் இப்படி எந்நேரமும் கத்திக்கொண்டு நிற்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. "வேண்டாம் நானா. அவர் கொண்டு வந்தபடியே இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு அதற்கு நிறமில்லாத பொலிஷ்தான்.

எங்கள் வீட்டுப் பின்மதிலுக்கு அப்பால் ஒரு சிங்களக் குடும்பம் இருந்தது. அன்ரியும் அவருடைய ஒரே மகனும். அன்ரியின் கணவர் பிரிந்து போய்விட்டார் என்று கேள்வி. மதிலுக்கு மேலால் சித்திரையில் கிரிபத் என்ற பாற்சோறு வரும், மார்கழியில் கேக் போகும். அன்ரி பஸாரில் பழகிய தமிழ் பேசுவார், மாமி பள்ளியில் பழகிய சிங்களம் பேசுவார். இரண்டு பேரும் மற்றவரின் பாஷையைத் திருத்தாமல் கதைத்துக்கொண்டிருப்பார்கள். மகன் என்னைவிடப் பல வயது மூத்தவன். பரீட்சை நெருங்கியபோது மாமியிடம் ஆங்கிலம் படிக்க வந்தான். அதே மேசையில், எனக்கு எதிரே இருந்து படித்தான். அவனுக்கும் கொக்கைக் காட்டியது நான்தான். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கொக்கா" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். இரண்டு பாஷையிலும் ஏறக்குறைய ஒரே சொல் என்பதில் அன்று எங்களுக்கு ஒரு சந்தோஷம்.

எண்பத்து மூன்று ஆடி மாதத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் தமிழர் வீடுகளை எரிக்கும் கும்பல் வந்தது காலை வேளையில். நடந்ததைப் பலர் எழுதிவிட்டார்கள், நான் எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். சத்தம் கேட்ட உடனேயே அன்ரி பின்மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு கதிரையை எங்கள் பக்கம் இறக்கினார். மாமி சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு மதிலேறியதை நான் அன்றுதான் பார்த்தேன். சாமான் அறையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் எங்களை இருத்தி அன்ரி வெளியே பூட்டினார். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுப் படலையிலும் தட்டினார்கள். இங்கே தமிழர் ஒளிந்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அன்ரியின் குரல் தெளிவாகக் கேட்டது. "மெஹே தெமள மினிஸ்ஸு நே" என்றார். இங்கே தமிழர் யாரும் இல்லை. அவர்கள் நம்பவில்லை. அப்போது அவர், "மகே புத்தா பல்லா" என்றார். என் மகன் மேல் சத்தியம்.

ஒரு தாய் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் கேட்பதில்லை. அவர்கள் போய்விட்டார்கள். மாமி இருட்டில் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அன்ரியின் மகன் அன்று காலையிலிருந்து வீட்டில் இல்லை. எங்கே என்று அன்ரி சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் வீடு எரிகிற மணம் கதவிடுக்கால் வந்துகொண்டிருந்தது.

பிறகு பள்ளிக்கூடமொன்றில் அகதி முகாம், பிறகு சரக்குக் கப்பலில் வடக்கே. முகாமுக்குப் போகுமுன் ஒருமுறை வீட்டைப் பார்க்க விட்டார்கள். கூரை விழுந்து கிடந்தது. மேசை நின்ற இடத்தில் உடைந்த கூரை ஓடுகளும் சாம்பலும் மட்டும். மாமி அங்கே சற்று நேரம் நின்றார். மேசையும் எரிந்துவிட்டது என்றுதான் இருவரும் எடுத்துக்கொண்டோம்.

பல வருடங்களின் பின், மாமி ஓய்வு பெற்று, எனக்குப் புதுக்கடையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை கிடைத்து, நாங்கள் திரும்பவும் வெள்ளவத்தையில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். ஒரு சனிக்கிழமை சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து யாரோ மாமியின் தோளைப் பிடித்தார்கள். அன்ரி. இரண்டு பேரும் மீன்கடைக்கு முன்னால், சேற்றில் நின்றபடி, கட்டிப் பிடித்து அழுதார்கள். மீன்காரன் தராசைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றான். அன்ரி இப்போது பாமன்கடையில் இருப்பதாகவும், அடுத்த ஞாயிறு கட்டாயம் வர வேண்டும் என்றும் சொன்னார். மகன் இத்தாலிக்குப் போய்விட்டானாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாங்கள் அவர் வீட்டு வாசலில் ஏறியபோதே நான் கண்டுவிட்டேன். சாப்பாட்டு அறையின் நடுவில் ஒரு கறுத்த மேசை. காலும் மேற்பலகையும் தேக்கு மாதிரி, ஏன், கருங்காலி மாதிரியே கறுப்பு. ஜன்னல் பக்கப் பலகையில் கொக்கு நின்றது. தலையைச் சாய்க்க வேண்டியிருக்கவில்லை, வெளிச்சம் தேட வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்றே ஒற்றைக் காலும் நீட்டிய கழுத்தும் தெரிந்தன. எங்கள் வீட்டில் இருந்த காலமெல்லாம் அது அவ்வளவு துலக்கமாக ஒருநாளும் தெரிந்ததில்லை.

மாமியைப் பார்த்தேன். அவர் நேரே போய் கொக்குக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்து, கையைப் பலகையில் வைத்தார். அன்ரி தேநீரும் பட்டர் கேக்கும் கொண்டுவந்தார். மகனின் பிள்ளைகளுடைய படங்களைக் காட்டினார். மாமி ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து, இது தகப்பனைப் போல, இது உங்களைப் போல என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேக்கைத் தொடவில்லை. அன்ரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார்.

திரும்பி வருகையில் பாலத்தடி வரைக்கும் நான் பொறுத்துக்கொண்டேன்.

"மாமி, அது எங்கட மேசை."

"ஓம்."

"கண்டனீங்களோ?"

"எனக்கென்ன கண் தெரியாதே? வாசல்லையே கண்டிட்டன்."

"அப்ப ஏன் கேக்கேல்லை? மாமான்ரை மேசை அது."

மாமி நடையை நிறுத்தினார். ஒரு பஸ் போகும்வரை காத்திருந்தார்.

"கேட்டா அவ என்ன சொல்லுவா? ஒண்டில் பொய் சொல்லவேணும், இல்லாட்டி மகனைக் காட்டிக் குடுக்கவேணும். அந்த மகன்ரை தலையிலை எங்களுக்காகப் பொய்ச் சத்தியம் செய்தவ அவ. அவவைக் கொண்டு இன்னொரு பொய் சொல்லுவிக்க என்னாலை ஏலாது."

"அதுக்காக விட்டிடுறதே?"

"எனக்கு ஆசையில்லை எண்டு நினைக்கிறீரோ?" என்றார் மாமி. "தடவிப் பாத்தனான். முந்தி உந்தப் பலகையிலை கை வைச்சா அவர் பக்கத்திலை இருக்கிற மாதிரி இருக்கும். இண்டைக்குக் கையிலை சாயம்தான் பட்டது." வீடு வரைக்கும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். வியர்வை என்று நான் நினைப்பதற்கு இடம் தந்தார்.

அவர் அதோடு நின்றிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். ஆனால் மாமி மாதமொருமுறை அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கினார். ஒவ்வொரு முறையும் அதே கதிரை. கேக், தேநீர், பேரப்பிள்ளைகளின் படம், முழங்கால் வலி, விலைவாசி. நானும் சில நேரம் கூடப் போவேன். போகும்போதெல்லாம் கோபத்தையும் கூட்டிக்கொண்டுதான் போவேன். உயிரைக் காப்பாற்றியவர் என்ற நன்றி எனக்கும் இருந்தது. அதற்கும் மேசைக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வியும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படிச் சிரித்துப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. மாமிக்குத் தெரிந்திருந்தது. அல்லது தெரியாமலே ஒவ்வொரு மாதமும் போய்ப் பழகிக்கொண்டார். எதுவென்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

சாயத்தை அடித்தது யாரென்றும், மறைக்க நினைத்தவர் எங்களை ஏன் வீட்டுக்கு அழைத்தார் என்றும் நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சந்தையில் கண்ட சந்தோஷத்தில் மேசையை மறந்திருக்கலாம். கறுப்பாக்கியாயிற்று, இனி யாருக்குத் தெரியப்போகிறது என்று நம்பியிருக்கலாம். சாயம் போட்டால் எந்த மரமும் ஒரே மரம் என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் நினைப்பது. ஓக்கோடு பழகாதவர்களுக்கு அந்தப் பிழை வரும்.

மாமி இந்த வருடம் தவக்காலத்தில் காலமானார். அன்ரியால் இப்போது நடக்க முடியாது, செத்தவீட்டுக்கு வரவில்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு, கோயிலில் பகிர்ந்த பலகாரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நான் தனியே பாமன்கடைக்குப் போனேன். வேலைக்காரப் பெண் அன்ரியைச் சக்கரநாற்காலியில் மேசையடிக்குத் தள்ளிக்கொண்டு வந்து விட்டாள். அன்ரி பலகாரத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டு வைத்தார். இரண்டு கைகளையும் மேசைமேல் ஊன்றி, மாமியின் வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துவ" என்றார். சிங்களத்தில் மகள். சின்ன வயதிலிருந்தே என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "ஒன்னு கேக்கிறேன். சும்மா ஆறுதலுக்குச் சொல்ல வேணாம். டீச்சருக்கு இந்த மேச தெரியுமா?"

இந்தக் கேள்வி வந்தால் சொல்வதற்கு வருடக்கணக்காக நான் பதில்கள் தயார் பண்ணி வைத்திருந்தேன். எல்லாம் கூரான பதில்கள். அந்தக் கிழவியின் முகத்தைப் பார்த்ததும் அவற்றை விட்டுவிட்டேன்.

"தெரியும் அன்ரி. முதல் நாளே தெரியும்."

அன்ரி தலையாட்டினார். அவருக்கு அது புதிதில்லைப் போலிருந்தது. பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினார். அன்று நாங்கள் சாமான் அறைக்குள் இருக்கும்போதே மகன் இன்னும் சிலரோடு சேர்ந்து எங்கள் வீட்டுக்குள் போயிருக்கிறான். மேசையை ஒரு சிநேகிதன் வீட்டில் வைத்திருந்து, நாங்கள் கப்பலேறிய பிறகு கொண்டுவந்திருக்கிறான்.

"எரியப் போச்சு, அதான் எடுத்தேன்னு சொன்னான். வீட்ட எரிச்சது யாருன்னு நான் கேக்க இல்ல. கேக்கப் பயம். அவன் தலையில தானே நான் சத்தியம் பண்ணினது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஸ்டெயின் நான்தான் அடிச்சேன், துவ. என் கையால. யாரும் பாக்கக் கூடாதுன்னு. அடிக்க அடிக்க இந்தக் கொக்கா வெளிய வந்துச்சு. இன்னும் வாங்கி அடிச்சேன். இன்னும் வெளிய வந்துச்சு."

வெளியே ஒரு லொத்தர் சீட்டு விற்பவன் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டு போனான். அந்தச் சத்தம் ஒழுங்கை முனையில் தேயும்வரை அன்ரி காத்திருந்தார்.

"அப்ப டீச்சர் தெரிஞ்சுதானா வந்தாங்க? ஒவ்வொரு மாசமும்?"

"ஓம் அன்ரி. தெரிஞ்சுதான்."

அன்ரி மேசைமேல் வைத்திருந்த இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.